வெங்கட்டும் அஸ்வினும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்தால் அப்பாவோடு இந்தச் சண்டைதான். வெங்கட்ராகவன் 57 டெஸ்ட், 156 விக்கெட். அஸ்வின் 106 டெஸ்ட், 537 விக்கெட். "கணக்கே சொல்லுதேப்பா" என்பேன்.

"பேடி, பிரசன்னா, சந்திரசேகர் இருந்த டீம்ல இடம் கிடைக்கிறதே பெரிசுடா. அப்ப டிஆர்எஸ் ஏது? பேட்ஸ்மேன் காலை நீட்டிட்டா எல்பி கேட்டாலும் தரமாட்டாங்க."

அப்பா இதே சிப்காட்டில் பெர்மனென்ட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். நான் ஒன்பது வருடமாக கான்ட்ராக்ட். போன பொங்கலுக்கு வந்த அத்தை, "உன் வயசுல உங்கப்பா வீடே கட்டிட்டாரு" என்றார். நான் தலை குனிந்தேன்.

அப்பா குறுக்கிட்டார்: "அப்ப கேட்ல போய் நின்னாலே வேலை கொடுத்தான். இவன் காலம் வேற."

அதற்கப்புறம் அந்த 156ஐ நான் எடுப்பதில்லை.