ஒரே வழி

எனக்குச் சதுரங்கம் கற்றுக் கொடுத்தவர், செந்தூல் இரயில் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற என் தாத்தா. அப்போது நான் தமிழ்ப்பள்ளி மாணவன். நான் காயைத் தொடும் முன்பே, "அடுத்து அவன் என்ன ஆடுவான், சொல்லுய்யா" என்பார்.

பல்கலைக்கழகத்தில் கணினியியல் படிக்க வந்தபோது அதே கேள்வியைப் பாடத்தில் கண்டேன். கணினியைச் சதுரங்கம் ஆட வைப்பது பற்றி 1950-இல் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரைக்கு அடிப்படையே அதுதான். நான் எனக்கு மிக நல்லதை ஆடுவேன். எதிராளி எனக்கு மிகக் கெட்டதை ஆடுவான். ஒரு நிலையில் சுமார் 30 நகர்த்தல்கள். இருவரும் ஒருமுறை ஆடினால் ஏறக்குறைய 1,000 நிலைகள். இருமுறை ஆடினால் பத்து இலட்சம்! எனவே, ஏற்கெனவே கண்டதைவிட மோசமானது என்று தெரிந்ததும் அந்தக் கிளையை வெட்டிவிடும் 'ஆல்பா-பீட்டா' முறை பிறந்தது.

வெட்டினால் மட்டும் போதுமா? 1980-களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் அனந்தராமன், முர்ரே கேம்பல், ஃபெங்-சியுங் சூ ஆகியோர் இன்னொன்றைச் சேர்த்தனர். ஒரே ஒரு நகர்த்தல் மற்ற எல்லாவற்றையும்விட மிகச் சிறந்ததாக இருந்தால், அந்த வழியில் மட்டும் வழக்கத்தைவிட ஆழமாகத் தேட வேண்டும். அவர்கள் குழுவின் 'டீப் தாட்' 1988-இல் கிராண்ட்மாஸ்டர் பென்ட் லார்சனை வென்றது. 1997-இல் கஸ்பரோவைத் தோற்கடித்த 'டீப் புளூ' அதன் வாரிசுதான்.

இதைப் படித்தபோது எஸ்.பி.எம். முடிவுக்குப் பிந்திய நாள்கள் நினைவுக்கு வந்தன. விண்ணப்பித்த இடம் எதுவும் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரிக்கு அப்பாவிடம் பணமில்லை. மிஞ்சியது ஆறாம் படிவம். நண்பர்கள் கல்லூரிக்குப் போக, நான் மட்டும் மீண்டும் பள்ளிச் சீருடை அணிவதா? வெட்கத்தில் ஒரு வாரம் வீட்டிலேயே கிடந்தேன்.

தாத்தா திட்டவில்லை. சதுரங்கப் பலகையை விரித்தார். சிறிது நேரத்தில் என் ராஜாவுக்குச் 'செக்' வைத்தார். தப்பிக்க ஒரே கட்டம்.

"ஒரே வழிதானே தாத்தா, இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அங்கதான்யா நல்லா யோசிக்கணும். போன பிறகு என்ன செய்யப் போறேன்னு பாரு."

மறுநாள் பள்ளிக்குப் போனேன்.

தாத்தா இன்று இல்லை. அனந்தராமனின் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. நண்பர்களே, நம்மில் பலருக்கு முன்னால் வழிகள் நிறைய இருப்பதில்லை. இருக்கும் ஒன்றையாவது இறுதிவரை பார்த்துவிடுவோம்.