கிண்ணியாப் பாலத்தைக் கடந்து வரும் ஹாஜிகள்



திருகோணமலைத் துறைமுக நகரிலிருந்து சீனக்குடா வழியாகத் தெற்கே வந்தால் கிண்ணியாப் பாலம் வரும். 2009-ல் சவூதி அரேபியாவின் உதவியோடு கட்டி முடித்தார்கள். நீளம் 396 மீற்றர். அதற்கு முன் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைக்காகக் கரையில் காத்து நிற்க வேண்டும். நெல் மூட்டையும் நோயாளியும் ஒரே பாதையில் வந்த காலம் அது.

ஹஜ் முடிந்த நாட்களில் இப்பக்கம் வந்து பாருங்கள். ஹாஜியார் வீட்டில் ஊரே கூடிவிடும். ஸலாம், முஸாபஹா, கட்டித் தழுவல், ஸம்ஸம், பேரீத்தம்பழம். உள்ளே பெண்கள், ஹாஜியானி உம்மாவின் மடியில் கைக்குழந்தையை வைத்து ஓதி ஊதச் சொல்வார்கள். அந்தப் பாசத்தில் குறை காண நான் வரவில்லை. ஆனால் அந்த மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

2017-ல் கிண்ணியாவில் டெங்கு உயிர்களைக் கொண்டுபோனபோது நுளம்பைத் தேடி வீடு வீடாகச் சுத்தம் செய்தோம். மெனிஞ்சைட்டிஸ் எனும் மூளையுறைக் காய்ச்சலுக்கு நுளம்பு தேவையில்லை. அதன் கிருமி மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் குடியிருக்கும். சுமப்பவர் சுகமாகவே இருப்பார். இருமலாலும் எச்சிலாலும் அடுத்தவருக்குப் போய்ச் சேரும்.

1987 ஹஜ்ஜில் இந்நோய் பரவிய பிறகுதான் சவூதி அரசு தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 2000-ல், அன்றைய ஊசிக்கு அடங்காத டபிள்யூ-135 என்ற வகை புறப்பட்டது. பல நாடுகளில் ஹாஜிகளும் அவர்களோடு பழகியவர்களுமாக 400 பேருக்கு மேல் நோயுற்றார்கள். கவனியுங்கள்: மக்காவையே காணாத வீட்டாரும் அதில் இருந்தார்கள்! அதன்பின் நான்கு வகைக் கிருமிகளையும் தடுக்கும் ஊசி கட்டாயமானது. 2024-ல் உம்ரா சென்று திரும்பியவர்களிடம் மேல்நாடுகளில் மீண்டும் இந்நோய் கண்டபோது, அவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள்.

“நான் சுகமாகத்தானே இருக்கிறேன், எனக்கெதற்கு ஊசி?” என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. ஊசியில்லாமல் அட்டை மட்டும் கிடைக்குமா என்று விசாரிப்பவர்களும் உண்டு. இது பொய்ச் சாட்சி அல்லாமல் வேறென்ன? கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருப்போர் தப்பி வெளியேறவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை மத்ரஸாவில் பாடமாக நடத்துகிறோம். அதன் இரண்டாம் பகுதி, வெளியூரில் இருக்கும் யாரோ ஒருவருடைய பிள்ளைக்காக.

ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் போட வேண்டும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாக அவ்வளவு நாள் பிடிக்கும். இஹ்ராம் துணி வாங்கும்போதே இதையும் முடித்துவிடுங்கள்.

வந்தவருக்கோ வீட்டாருக்கோ கடுங்காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், தோலில் கண்ணாடிக் குவளையை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் கண்டால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். ஒரே நாளில் உயிர் போகக்கூடும். பச்சிளம் குழந்தை கழுத்து வலி என்று சொல்லாது; பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கும், அல்லது ஓயாமல் அழும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஹஜ்ஜிலிருந்து வந்தவர் வீட்டில் இருக்கிறார் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். நெருங்கிப் பழகிய மற்றவர்களுக்கும் அவர் மருந்து தருவார்.