தாழ்ந்த நாதமும் சில கரைச்சல்களும்

சங்கீதக் கச்சேரியைக் கேட்டு வீடு திரும்புகிறவர்கள் பாடகரின் குரலைப் பற்றிப் பேசுவார்கள். வயலினைப் பற்றியும் இரண்டொரு சொற்கள் சொல்லுவார்கள். அடியிலே கிடந்து அவ்வளவையும் தாங்கிய தாழ்ந்த நாதத்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. வீட்டின் அத்திவாரத்தைப் புகழ்ந்துரைத்த விருந்தாளி உலகில் உண்டோ? ஆயினும் அந்த நாதம் ஒரு கணம் நின்றுவிட்டால், சபை வெறிச்சென்று ஆகிவிடுவதைக் குழந்தைகூட உணர்ந்துவிடும். அத்தகைய நாதத்தை எழுப்புகிறவர்கள் தங்கள் வாத்தியங்களோடு படும் சின்னஞ்சிறு தொல்லைகளைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். பெருந்துயரங்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். சில்லறைத் துயரங்களுக்கும் ஒருவர் வேண்டாமா?

நான் தொழிலால் கல்லூரி ஆசிரியன். ஆசையால் மிருதங்கம் வாசிப்பவன். வசிப்பது மஸ்கெலியாவில். ஏறக்குறைய நாலாயிரம் அடி உயரம். ஒருபுறம் சிவனொளிபாதமலை, மறுபுறம், 1960களின் இறுதியில் பழைய நகரத்தையே தன்னுள் அடக்கிக்கொண்ட மவுசாக்கலை நீர்த்தேக்கம். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்றுத் தொடங்கினால் மழையும் மூடுபனியும் மாறி மாறி ஆட்சி செய்யும். தேயிலைக் கொழுந்துக்கு இது வாழ்வு. தோல் வாத்தியத்துக்கோ தீராத நோய்.

மிருதங்கத்தின் வலந்தலையில் கருஞ்சோறு நிலையாக ஒட்டியிருக்கும். இடப்புறமாகிய தொப்பிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஒவ்வொரு முறையும் ரவையை நீர்விட்டுப் பிசைந்து அதன் நடுவில் அப்பவேண்டும். வாசித்து முடிந்ததும் சுரண்டி எடுக்கவேண்டும். தோலின் நடுவில் பாரம் ஏறினால் அது மெதுவாக அதிரும், நாதம் தாழும். வலந்தலையின் கருஞ்சோறு மேற்சுரங்களை எவ்வாறு ஒழுங்குபடுத்தி இனிமை தருகிறது என்பதைச் சர் சி. வி. இராமன் 1920ஆம் ஆண்டிலும் 1934ஆம் ஆண்டிலும் வெளியிட்ட கட்டுரைகளில் விளக்கியிருக்கிறார். வலந்தலைக்கு விஞ்ஞானியின் புகழ் கிடைத்தது. தொப்பியோ இன்றும் சமையலறையின் தயவிலே பிழைக்கிறது.

அந்தத் தயவு எளிதில் கிடைப்பதன்று. "உப்புமாவுக்கு வைத்திருந்த ரவை எங்கே?" என்ற கேள்வி எங்கள் வீட்டில் கச்சேரி நாள் தவறாமல் எழும். ரவையில் நீர் கூடினால் வழுக்கும், குறைந்தால் வெடிக்கும். மேடை விளக்கின் சூட்டில் காய்ந்தால் நாதம் மேலே ஏறும். எங்கள் ஊர்ப் பனியிலோ தோல் தளர்ந்து, 'தொம்' என்று ஒலிக்கவேண்டிய இடத்தில் ஈரச்சாக்கைத் தட்டியதுபோல் ஒரு சத்தம் பிறக்கும். அவதியோடு கல்லையும் புள்ளையும் எடுத்துச் சுருதி கூட்டினால், வலந்தலை சேரும்போது தொப்பி விலகும். வேட்டியிலோ வெள்ளைத் திட்டுகள். சுரண்ட மறந்து உறங்கினால், கரப்பான்பூச்சியும் எலியும் இரவிலே தங்கள் கச்சேரியை நடத்திவிடும். பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கைப் பழக்கமுடையவர். ஆகவே அவருக்குத் தொப்பி வலக்கையில் அமைந்தது. அதில் அவர் எழுப்பிய கும்காரத்தை ரசிகர்கள் இன்றும் வியந்து பேசுகிறார்கள். அத்தகைய மேதையும் ஒரு பிடி ரவையை நம்பியே மேடையேறினார் என்று நினைக்கும்போது, எனக்குச் சற்று ஆறுதல் பிறக்கிறது. இக்காலத்தில் சிலர் ரவைக்குப் பதிலாகச் சிலிக்கோன் பசையைப் பயன்படுத்துகிறார்கள். எலிகளுக்கு அதனால் ஏமாற்றமே.

என் தொல்லையாவது அடுப்படியோடு நின்றது. தோட்டத்துத் தப்புக்காரரின் தொல்லை நெருப்போடு சம்பந்தப்பட்டது. மரவளையத்தில் இழுத்துக் கட்டிய ஒற்றைத் தோல் தப்பு. அதற்குச் சுருதி கூட்ட ஆணியும் இல்லை, வாரும் இல்லை. தீயில் காட்டுவதொன்றே வழி. தமிழ்நாட்டு வயற்புறத்தில் வைக்கோல் எளிதில் அகப்படும். வயலே இல்லாத தேயிலை மலையில் அதற்கு எங்கே போவது? பழைய பத்திரிகைத் தாளும், கவ்வாத்து வெட்டிய மிலாறுமே துணை. மழைக்காலத்தில் மிலாறு எரியாது, புகையும். கண்ணீர் வழியக் காய்ச்சி எடுத்த தப்பு, ஊர்வலம் லயத்தைத் தாண்டுமுன் மறுபடியும் தளர்ந்துவிடும். தெருமுனையில் நின்று இன்னொரு தீ மூட்டவேண்டும். சாமியும் அங்கே காத்து நிற்கவேண்டும்.

இந்தத் தப்பை வெறும் திருவிழா வாத்தியம் என்று எண்ணிவிடக்கூடாது. முற்காலத்தில் விடியுமுன்னே தப்பை அடித்துத்தான் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தார்கள். சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தேயிலைத் தோட்டத்து நெடுங்கவிதை அந்த அதிகாலைத் தப்பொலியோடுதான் தொடங்குகிறது. மாசி மாதத்துக் காமன் கூத்தில் ரதியும் மதனும் ஆடுவதும் இதே தப்பின் அடிக்குத்தான். வேலைக்கு விரட்டிய ஒலியும், களைப்பாற ஆடவைத்த ஒலியும் ஒரே தோலிலிருந்து பிறந்தன.

மூன்றாமவர் இளைஞர். என்னிடம் கற்ற மாணவர் ஒருவர் இப்போது ஓர் இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கிறார். அவ்வாத்தியம் பிறந்ததே ஒரு தொல்லையைத் தீர்ப்பதற்காக. ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைவது பெரும்பாடாக இருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பவர் 1951இல், தோளில் மாட்டக்கூடிய மின்சார பேஸ் கிற்றாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பெரிய தொல்லை ஒழிந்தது. சிறிய தொல்லைகள் குட்டி போட்டன. ஹட்டன் பஸ்ஸில் அந்த நீண்ட கழுத்துக்கு இடம் பிடிப்பது ஒன்று. ஈரத்தால் கழுத்து வளைவதும், உருக்குத் தந்திகள் துருவேறி விரலைக் கறுப்பாக்குவதும் மற்றொன்று. அதனுள்ளே ஒரு 9 வோல்ற் பற்றரி இருக்கிறது. இணைப்பு வயரைக் கழற்றாமல் வைத்தால் அது வீணே கரைந்து, மறுநாள் பாட்டின் நடுவிலே உயிரை விடும்.

இவற்றைவிட வேடிக்கையானது வேறொன்று. இலங்கையின் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை அலைவது. பேஸ் கிற்றாரின் தடித்த தந்தியில் மூன்றாம் கட்டையில் பிறக்கும் சுரம் வினாடிக்கு 49 தடவை அதிர்கிறது. கோயில் பந்தலின் மின்இணைப்புச் சரியாக அமையாவிட்டால், மாணவர் வாசிக்குமுன்பே மின்சாரம் அந்தச் சுரத்தை ஏறக்குறைய வாசித்து முடித்துவிடுகிறது! அத்தோடும் விட்டதா? கச்சேரியைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து வீட்டில் போட்டுக் காட்டினால், அதன் சின்னஞ்சிறு ஒலிபெருக்கிக்குத் தாழ்ந்த சுரங்களை எழுப்பும் வலிமை இல்லை. "எல்லாரும் வாசிக்கிறாங்க, நீ மட்டும் சும்மா நிக்கிறியே" என்று அவருடைய தாயார் கேட்டாராம்.

மூவரின் தொல்லைகளுக்கும் மூலம் ஒன்றே. இறுக்கமும் இலேசும் உயர்ந்த சுரத்தைத் தரும். தளர்வும் பாரமும் நீளமும் தாழ்ந்த சுரத்தைத் தரும். பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு 41 தடவை அதிர்கிறது. காற்றில் அந்த ஒலியலை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 27 அடி. அவ்வளவு பெரிய அலையைக் கிளப்பும் பொருள் தானும் பருத்தோ நீண்டோ தளர்ந்தோ இருக்கவேண்டும். அப்படிப்பட்ட பொருளை மழை முதலில் தொடும். பனி முதலில் பிடிக்கும். எனவே இத்தொல்லைகளை நாதத்துக்கு நாம் செலுத்தும் வரி என்றே கருதலாம். செலுத்துவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

ஆனால் சில்லறைத் தொல்லைகளின் வரிசையில் சேர்க்கக்கூடாத ஒன்றும் உண்டு. நான் சொன்ன இளைஞரின் பாட்டனார்தான் நான் சொன்ன தப்புக்காரர். ஈர மிலாற்றைப் பற்றி நான் அனுதாபத்தோடு விசாரித்தபோது அவர் சிரித்தார். "தப்பு தளந்தா நெருப்புல காட்டிக்கலாம் மாஸ்டர். பேரன் கூட்டத்துல நம்மளப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி போறானே, அதுக்கு எந்த நெருப்பு?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. பேரனைக் குறை கூறவும் மனம் வரவில்லை. தப்பைத் தொட்டவரைத் தள்ளி நிற்கச் சொன்ன சமூகம் நம்முடையது. அந்த இளைஞர் தள்ளி நிற்கக் கற்றது அந்தச் சமூகத்திடமிருந்தே. என் மிருதங்கத்தின் தோலைப் பதப்படுத்தி மூட்டுகிறவரின் கதையும் வேறன்று. மேடையில் வாசிப்பவனுக்கு மாலை. தோலைச் சீவியவருக்குப் பெயருமில்லை. மிருதங்கம் செய்வோரின் வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூலாக 2020இல்தான் எழுதினார். ரவை காய்வது தொல்லை. பற்றரி தீர்வது தொல்லை. மனிதர் ஒருவர் தம் கைத்தொழிலுக்காகக் கூசி நிற்பது தொல்லையன்று, அநீதி.

சென்ற மாசி மாதம் காமன் கூத்துக்குத் தப்புக் காய்ச்சும் இடத்துக்கு அந்த இளைஞரை நான் அழைத்துப் போனேன். உபதேசம் எதுவும் செய்யவில்லை. "சுடும்போது தப்பின் சுரம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து சொல்லும்" என்று மட்டும் கேட்டேன். அவர் தயங்கி நின்று, பின்னர்த் தம் தொலைபேசியில் சுரம் காட்டும் செயலியைத் திறந்து தீயருகே குந்தினார். முதியவர் அடித்தார், முள் ஏறியது. தப்பைப் பனியில் பிடித்தார். பத்து நிமிடத்துக்குள் முள் மெல்ல மெல்ல இறங்கியது. மறுபடியும் தீ, மறுபடியும் ஏற்றம். இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். "தாத்தா, ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவ இப்புடிச் செய்வீங்க?"

"யாரு கணக்குப் பாத்தா? தளர்றப்பல்லாம்தான்."

"எனக்கு ஒரு பற்றரியோட கரைச்சல் முடிஞ்சிரும். உங்களுக்கு விடிய விடியக் கரைச்சல்."

அன்று அவர் தப்பைக் கையில் எடுக்கவில்லை. ஒரே நாளில் அவ்வளவு நடந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆயினும் கூத்து முடியும்வரை பாட்டனாரின் பக்கத்திலேயே, எல்லாரும் பார்க்க நின்றார். தீ அணையாமல் தாளும் மிலாறும் போட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் அவர்கள் வீட்டுக்குச் சென்றபோது, அடுப்புக்கு மேலே நாலைந்து கட்டு மிலாறு காய்ந்துகொண்டிருந்தது. யார் கட்டி வைத்தது என்று கேட்டேன். கிழவர் பதில் சொல்லவில்லை; உள்ளே தந்திகளைத் துடைத்துக்கொண்டிருந்த பேரனைக் கண்ணால் காட்டினார்.