பந்தயத்துக்கு முந்தின பந்தயம்

கொஞ்சம் நீளமான இழை. பாதி மாடு, பாதி மருத்துவம். பொறுமையா வாசிங்க மக்களே.

தூத்துக்குடி மாவட்டத்துல ஓர் அரசு ஆஸ்பத்திரியில எனக்கு வேலை. பாஞ்சாலங்குறிச்சி பைக்ல போற தூரம்தான். சித்திரை மாசக் கடைசி வெள்ளி, சனியில அங்க வீரசக்கதேவி ஆலய விழா நடக்கும். ஊர் ஊரா இருந்து பையன்க ஜோதி ஏந்தி ஓடியே வருவாங்க. மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போடும், போலீஸ் குவியும். வெளியூர்க்காரங்களுக்கு பாஞ்சாலங்குறிச்சின்னா கட்டபொம்மனைத் தூக்கில போட்ட 1799 அக்டோபர் 16-ம், 1974ல் அரசு கட்டின நினைவுக் கோட்டையும்தான் ஞாபகம் வரும். எங்க ஓ.பி.க்கு வர்ற பெரியவங்களுக்கு அந்த நேரத்துல ஒரே கேள்விதான். "இந்த வருசம் பெரிய மாட்டுல யாரு சார்?"

விழாவையொட்டி நடக்கிற மாட்டு வண்டிப் பந்தயத்தைச் சொல்றாங்க.

பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு பிரிச்சுத்தான் விடுவாங்க. மைதானம் கிடையாது, தார்ரோடுதான். நாடே கிலோமீட்டருக்கு மாறி அறுபது வருசம் ஆச்சு, பந்தய நோட்டீஸ்ல மட்டும் இன்னும் மைல்தான். பெரிய மாட்டுக்குப் போகவர எட்டு, பத்து மைல் வரை இருக்கும். எல்கை வரை போய்ச் சுத்தித் திரும்பணும். வண்டியில சாரதி ஒருத்தர். கூடவே ஓடி, மாட்டை விரட்டி, தேவைப்பட்டா தாவி ஏறுற துணைசாரதி ஒருத்தர்.

இதுல சுவாரசியம் பாஞ்சாலங்குறிச்சி அன்னைக்கு இல்ல, அதுக்கு முன்னாடி இருக்கு. தை பிறந்ததிலிருந்து சுத்துப்பட்டுல கோயில் கொடை, பொங்கல் விழான்னு சின்னச் சின்னப் பந்தயங்க வரிசையா நடக்கும். மாட்டுக்காரங்களும் ரசிகர்களும் அதை எல்லாம் பரீட்சைக்கு முந்தின மாடல் எக்ஸாம் மாதிரி பார்ப்பாங்க. எந்த ஜோடி எங்க ஓடுச்சு, யாரு சாரதி, எத்தனாவது வந்துச்சு, எல்லாம் விரல் நுனியில இருக்கும். மாத்திரைப் பேரு மட்டும் மறந்துபோகும்!

அமெரிக்காவுல இதையே முறைப்படுத்தி வச்சிருக்காங்க. மே மாசம் முதல் சனிக்கிழமை கென்டக்கி டெர்பி. மூணு வயசுக் குதிரைங்க மட்டும், அதிகபட்சம் இருபது. அதுக்கு முந்தின மாசங்கள்ல நடக்கிற ஆயத்தப் பந்தயங்கள்ல எடுக்கிற புள்ளிதான் நுழைவுச்சீட்டு. 2013-லிருந்து இந்தப் புள்ளி முறை. ரசிகர்கள் ஒவ்வொரு பந்தயத்தையும் திருப்பித் திருப்பி வீடியோவுல பார்த்து அலசுவாங்க. அப்படியும் 2022ல் என்ன ஆச்சு? ஆயத்தப் பந்தயத்துல மூணாவதா வந்த ரிச் ஸ்ட்ரைக்னு ஒரு குதிரை. வேறொரு குதிரை விலகினதால முந்தின நாள்தான் இடமே கிடைச்சுது. ஒண்ணுக்கு எண்பதுன்னு பந்தயக்காரங்க ஒதுக்கி வச்சிருந்த அது முதல்ல வந்துருச்சு.

அப்போ முன்கூட்டிக் கணிக்கிறது வெறும் குருட்டு அதிர்ஷ்டமா? 1996ல் மெட்ராஸ் ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட லட்சுமணன் வழக்குல உச்ச நீதிமன்றம் இதைத்தான் ஆராய்ஞ்சுது. குதிரையோட திறன், வம்சம், பயிற்சி, ஜாக்கியோட கைத்திறன் எல்லாத்தையும் எடைபோட வேண்டியிருக்கு, அதனால இது சூதாட்டம் இல்ல, திறமை விளையாட்டுன்னு தீர்ப்பு. அதுக்காக நான் பணம் கட்டச் சொல்லல. கட்டிக் குடும்பம் அழிஞ்சவங்களையும் இதே ஓ.பி.யிலதான் பார்க்கிறேன். ஆனா அந்த எடைபோடுறதுங்கிற வேலை இருக்கே, அது எனக்குப் பிடிக்கும்.

எங்க ஊர்ல ஒரு மாட்டுக்கார அண்ணாச்சி. சர்க்கரை, பிரஷர் ரெண்டும் உண்டு. மாசாமாசம் மாத்திரைக்கு வருவார். அவர்கிட்டத்தான் நான் பந்தயம் பார்க்கப் படிச்சேன். "எத்தனாவது வந்துச்சுன்னு பாக்காதீங்க சார். எல்கையில எப்படித் திரும்புச்சுன்னு பாருங்க" என்பார். திரும்பும்போது உள்பக்கத்து மாடு அடக்கி மிதிக்கணும், வெளிப்பக்கத்து மாடு எட்டிப் போடணும். இடத்தை மாடும் வலத்தை மாடும் ஒத்துப்போகலைன்னா அந்த இடத்துல காட்டிக்கொடுத்துரும். அப்புறம் கடைசி ஒரு மைல். முன்னாடி போற வண்டிங்க களைச்சு விழுந்ததால இது முந்துச்சா, இல்ல இதுவே வேகம் கூட்டுச்சா? ரெண்டுக்கும் பரிசு ஒண்ணுதான், அர்த்தம் வேற.

அதைவிட முக்கியமா அவர் பார்க்கிறது, ஓட்டம் முடிஞ்ச பிறகு. எல்லாரும் மாலை, துண்டுன்னு கூட்டமா நிக்கும்போது இவர் மட்டும் மாட்டோட விலாவைப் பார்த்துட்டு நிப்பார். மூச்சு எவ்வளவு நேரத்துல அடங்குது? குதிரையால வாய் வழியா மூச்சு விட முடியாது, மூக்கு மட்டும்தான். மாட்டால முடியும். ஆனா மாடு வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குதுன்னா உடம்புச் சூடு எல்லை மீறிப் போகுதுன்னு அர்த்தம். சித்திரை வெயில்ல முதல்ல வந்துட்டு அப்படி நிக்கிற மாட்டைவிட, மூணாவதா வந்து கால் மணி நேரத்துல தண்ணி குடிச்சு அசைபோடுற மாடுதான் அவர் கணக்குல ஒசத்தி.

இதைக் கேட்டப்போ எனக்கு ட்ரெட்மில் டெஸ்ட் ஞாபகம் வந்துச்சு. நடக்கும்போது நாடி எவ்வளவு ஏறுதுன்னு மட்டும் நாங்க பார்க்கிறதில்ல. நிறுத்தின முதல் நிமிசத்துல எவ்வளவு இறங்குதுன்னும் பார்ப்போம். அது 12 துடிப்புக்கு மேல இறங்கலைன்னா நல்லதில்லன்னு 1999ல் வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்லுது. அண்ணாச்சி அந்த ஆய்வை வாசிச்சதில்ல. அவருக்கு மாட்டு விலா போதும்.

ஆயத்தப் பந்தயத்தைத் தப்பா வாசிச்சதுக்கு உலகப் பிரசித்தமான கதை ஒண்ணு உண்டு. செக்ரடேரியட். 1973 ஏப்ரல் 21, வுட் மெமோரியல் பந்தயம். எல்லாரும் எதிர்பார்த்த குதிரை மூணாவதா வந்துச்சு. 'இதுக்குத் தூரம் தாங்காது'ன்னு பேச்சு கிளம்பிருச்சு. உண்மையில அதோட வாய்க்குள்ள ஒரு சீழ்க்கட்டி. கடிவாளம் இழுபடுற இடத்துல வலி. கட்டி உடைஞ்சு ஆறினதும் ரெண்டே வாரத்துல டெர்பியில 1 நிமிடம் 59.4 விநாடியில ஓடி ஜெயிச்சுது. ஒவ்வொரு கால் மைலும் அதுக்கு முந்தின கால் மைலைவிட வேகம்! இன்னைக்கு வரைக்கும் அந்தச் சாதனை உடையல.

குதிரையைப் பத்திப் பேசினா எங்க கடற்கரையைச் சொல்லாம விட முடியாது. முத்துக்குப் பேர்போன காயலுக்கு அரபு நாட்டுக் குதிரைங்க கப்பல் கப்பலா வந்து இறங்கினதை மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்கார். வருசத்துக்கு ஆயிரக்கணக்குல வாங்குவாங்களாம், வருசக் கடைசியில நூறுகூட மிஞ்சாதாம். பார்த்துக்கத் தெரிஞ்ச ஆளில்ல, லாடம் அடிக்க ஆளில்ல, தீனியா வேகவச்ச சோறும் கறியும். விக்கிற வியாபாரிங்களே வைத்தியம் தெரிஞ்ச ஆளை வரவிடாம பார்த்துக்கிட்டாங்கன்னும் சொல்றார். செத்தாத்தானே அடுத்த வருசம் வியாபாரம்! பொது சுகாதாரத்துல இருக்கிறவனுக்கு இந்தக் கதை புதுசா தோணல.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ஒரு வருசம் பாஞ்சாலங்குறிச்சிக்கு எட்டு நாள் இருக்கும்போது, பக்கத்து ஊர்ப் பந்தயத்துல அண்ணாச்சி வண்டி ரெண்டாவது வந்துச்சு. கடைசி மைல்ல ரெண்டு வண்டியைத் தாண்டினதுல எல்லாருக்கும் ஒரே குஷி. அன்னைக்கு சாயங்காலம் துணைசாரதிப் பையனைக் கூட்டிட்டு வந்தார். இருபது வயசு. (அனுமதி வாங்கி, அடையாளம் மாத்தித்தான் எழுதுறேன்.) தாவி ஏறும்போது கால் வழுக்கி, வண்டிக் கட்டையில இடது விலா இடிச்சிருக்கு. அப்படியே எழுந்து ஓடி முடிச்சுட்டான்.

"ஒரு வலி ஊசி போட்டு விடுங்க சார். அடுத்த வாரம் ஓடணும்லா" என்றார் அண்ணாச்சி.

பையன் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். விலாவைத் தொட்டா வலி, சரி. ஆனா கேக்காமலே ஒண்ணு சொன்னான். "இடது தோள்பட்டையும் கடுக்குது சார், அங்க அடியே படல." நாடி பார்த்தேன், 112. பிரஷர் நார்மல்.

அடிபடாத தோள் வலிக்குதுன்னா எங்களுக்கு ஒரு மணி அடிக்கும். மண்ணீரல் கிழிஞ்சு ரத்தம் கசிஞ்சா அது உதரவிதானத்தை உறுத்தும். அந்த வலி இடது தோள்ல தெரியும். இளவயசு உடம்பு ரொம்ப நேரத்துக்கு பிரஷரை இறங்கவிடாது, நாடி மட்டும்தான் முதல்ல ஏறும்.

நான் சொன்னேன், "அண்ணாச்சி, ஓட்டம் முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு?"

"மூணு மணி நேரம் இருக்கும்."

"மூணு மணி நேரம் கழிச்சும் உங்க மாடு இப்படி மூச்சு வாங்கினா அடுத்த வாரம் பூட்டுவீங்களா?"

அவர் பையனைத் திரும்பிப் பார்த்தார். அதுக்கப்புறம் ஊசியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. 108 வர்றதுக்குள்ள கையில ரெண்டு லைன் போட்டோம். தூத்துக்குடி மெடிக்கல் காலேஜ்ல சி.டி. எடுத்தாங்க. மண்ணீரல்ல ரெண்டாம் நிலைக் கிழிசல், சுத்தி கொஞ்சம் ரத்தம். ஆபரேஷன் தேவைப்படல. படுக்கையில வச்சு, நாடியும் ஹீமோகுளோபினும் திரும்பத் திரும்பப் பார்த்துத் தேத்தி அனுப்பினாங்க.

இங்க பொதுமக்களுக்கு ஒண்ணு. மண்ணீரல் அடி சில சமயம் நாள் கழிச்சும் வெடிக்கும். விலாவுல, வயித்துல பலமா அடிபட்டவங்க 'ஓடி முடிச்சுட்டானே, நடந்துதானே வந்தான்'னு வீட்ல வச்சுக்காதீங்க. தோள் வலி, தலைசுத்தல், வயித்து வலி, வியர்வை எது இருந்தாலும் வலி மாத்திரை போட்டுப் படுக்க வைக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. பந்தயத்துக்குப் பின்னாடியே பைக்ல விரட்டிட்டுப் போற தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். மாடு முட்டி வர்றவங்களைவிட உங்களைத்தான் அதிகமா தைக்கிறேன்.

2014ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதும், 2017 மெரினாவுக்கு அப்புறம் சட்டம் திருத்தினதும், 2023 மே 18 அன்னைக்கு அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏத்துக்கிட்டதும் உங்களுக்கே தெரியும். அந்த விவாதத்துல மாட்டைப் பத்திப் பேசினாங்க, பண்பாட்டைப் பத்திப் பேசினாங்க. கூட ஓடுற பையனைப் பத்தி அவ்வளவா யாரும் பேசல. மாட்டுக்கு ஓடுறதுக்கு முன்னாடி கால்நடை மருத்துவர் பரிசோதனை உண்டு. துணைசாரதிக்கும் ஓட்டம் முடிஞ்சதும் அஞ்சு நிமிசம் ஒரு நர்ஸ் நாடி பார்த்தா என்ன குறைஞ்சுடும்?

பாஞ்சாலங்குறிச்சியில அண்ணாச்சி வேற பையனைப் போட்டு ஓட்டினார். நாலாவது. மாட்டு மேல அவருக்கு ஒரு குறையும் இல்ல. எல்கையில நல்லாத் திரும்புச்சாம், விலா சீக்கிரம் அடங்குச்சாம். நம்ம பையன் ரோட்டோரம் ஒரு சேர்ல உக்காந்து ஒவ்வொரு வண்டியா பார்த்துக் குறிச்சு வச்சிருக்கான். மறு வாரம் ரிவியூக்கு வந்தப்போ அந்த நோட்டையும் கொண்டுவந்தான். நாடி 76. "ஆனி மாசப் பந்தயத்துக்கு ஓடலாமா சார்?" என்றான்.

ஆடி முடியட்டும்னு சீட்டுல எழுதிக் கொடுத்தேன்.