பிரேக் போட்டால் 'லொடக்'!

காரைப் பற்றிய பேச்சு நமக்கு எதற்கு, அது ஆண்கள் சமாசாரம் என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள், சகோதரிகளே! குக்கர் விசில் கொஞ்சம் இழுத்தால் 'கேஸ்கட் போயிடுச்சு' என்கிறோம். கிரைண்டர் முனகினால் அரிசியில் தண்ணீர் பற்றவில்லை என்று அடுத்த அறையிலிருந்தே சொல்கிறோம். அந்தக் காது காரில் உட்கார்ந்ததும் எங்கே போய்விடும்?

நாங்கள் இருப்பது சிவகாசி. எங்களிடம் இருப்பது 2009-ல் வாங்கிய மாருதி 800. (1983-ல் வர ஆரம்பித்து 2014-ல் நின்றுபோன வண்டி. எங்கள் பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.) வண்டியை ஓட்டுவது என்னவர். நான் அவருக்கு இடது பக்கம். அதனால்தான் சத்தம் முதலில் என் காதில் விழுந்தது. பிரேக்கை மிதித்ததும் என் கால் மாட்டில் யாரோ மரச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாற்போல 'லொடக்'. ஒரே ஒரு தடவைதான்.

"பழைய வண்டி, சத்தம் போடாமலா இருக்கும்?" என்றார் அவர். வேறு சமயமாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் வளைகாப்பு முடிந்து மகளை அப்போதுதான் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருந்ததால், பிரசவத்தை மதுரையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். விருதுநகர் வழியாக எழுபது கிலோமீட்டருக்கு மேல். வலி எந்த ராத்திரி வருமோ, யார் கண்டது? எங்கள் ரோட்டில் பட்டாசுப் பெட்டி ஏற்றிய லாரிகளுக்கு முன்னும் பின்னும்தான் போக வேண்டும். பிரேக்கில் சந்தேகம் இருக்கிற வண்டியில் நிறைமாசப் பிள்ளைத்தாய்ச்சியை எப்படி ஏற்றுவது?

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, "பிரேக் பேடு தேய்ஞ்சிருக்கு" என்று மாற்றினார்கள். பேடு தேய்ந்திருந்ததும் உண்மைதான். ஆனால் சத்தம் போகவில்லை. மறுபடி போனால், "டிஸ்க்கைக் கடைசல் பிடிக்கணும்" என்றார்கள். மூன்றாம் தடவை, "ஷாக் அப்சார்பர் ரெண்டும் போச்சு, மொத்தமா மாத்திடலாம்" என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள். பூச்சு போட்டும் தலைவலி போகவில்லை என்றால் தலையையே மாற்றச் சொல்வார்கள் போலிருக்கிறது!

எனக்கு மனசு ஒப்பவில்லை. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், சத்தம் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று நான்கு நாள் எழுதி வைத்தேன். மெதுவாகப் போய் நிற்கும்போது ஒரு லொடக். ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் போட்டால் ஒரு லொடக். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சத்தமே இல்லை. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பினாலும் இல்லை. காலி மைதானத்தில் மெல்ல உருட்டி, கால் பிரேக்கைத் தொடாமல் ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்து நிறுத்திப் பார்த்தோம். அப்போதும் இல்லை.

விருதுநகரில் ஒரு வயசான மெக்கானிக் அண்ணாச்சி இருக்கிறார் என்று என் நாத்தனார் சொல்ல, அவரிடம் போனோம். பழைய அம்பாஸடர், ஃபியட் காலத்திலிருந்து வேலை பார்ப்பவர். தாள்களைக் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார்.

"யம்மா, பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்களே! வேகத்தடையில சத்தம் இல்லைன்னா ஷாக் அப்சார்பர் மேல பழி போடக் கூடாது. பேடு லூசா இருந்தா பள்ளத்துல கடகடன்னு ஆடும், பிரேக்கை லேசா மிதிச்சா அடங்கிடும். உங்களுக்கு மிதிச்சாத்தான் வருது. ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், அதுல வரலை. அப்ப முன் சக்கரம் பிடிக்கிறப்ப ஏதோ ஒண்ணு முன்னும் பின்னும் நகருது."

என்ஜினை அணைத்து, என்னவரைப் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்காரச் சொன்னார். "ஏலே தம்பி, வண்டியை முன்னயும் பின்னயும் ஆட்டு" என்று பையனிடம் சொல்லிவிட்டு, டார்ச்சோடு குனிந்து கேட்டார். லொடக்... லொடக்! பிறகு வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, இதைச் சத்தமாகவே சொன்னார்), சின்னக் கடப்பாரையால் நெம்பிக் காட்டினார்.

சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ள, இந்த வண்டியில் குறுக்கே ஒரு கம்பி வருகிறது. அதன் முனையில் ரப்பர் புஷ். எங்கள் வண்டியில் இடது பக்க ரப்பர் வெடித்து, பாதிக்கு மேல் தின்று போயிருந்தது. பிரேக் பிடித்ததும் சக்கரம் பின்னால் தள்ளும். நடுவில் மெத்தை இல்லாததால் இரும்பு இரும்பில் மோதும். அதுதான் லொடக். இப்படியே விட்டால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயரும் கோணலாகத் தேயும் என்றார். இரண்டு பக்கமும் புஷ் மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. செலவு சில நூறு ரூபாய்தான்! காப்பி வாங்கிக் கொடுத்ததைக் கூட அண்ணாச்சி கூலியில் கழித்துக்கொண்டார்.

அவரிடம் கேட்டுக்கொண்ட மற்ற சத்தங்களையும் சொல்லிவிடுகிறேன். லேசாகப் பிரேக் தொட்டதும் 'கீச்' என்றால், பேடு தேய்ந்து அதிலுள்ள சின்னத் தகடு டிஸ்க்கில் உரசுகிறது என்று நினைக்கலாம். பேடின் கனம் மூன்று மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். 'கரகர' என்று அம்மி கொத்துகிற மாதிரி கேட்டால் இரும்போடு இரும்பு தேய்கிறது, அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு மூன்று தடவை மட்டும் உரசினால் அது டிஸ்க்கில் படிந்த துரு, தானே போய்விடும். மிதிக்கும்போது பெடல் காலுக்கடியில் துடித்தால் டிஸ்க் சமமாக இல்லை. வண்டியை ஒடித்துத் திருப்பும்போது மட்டும் 'டக் டக்' என்றால் டிரைவ் ஷாப்ட் பக்கம் பார்க்கச் சொல்ல வேண்டும். பிரேக் போடாமலே, வேகம் கூடக் கூட ரீங்காரமும் கூடினால் வீல் பேரிங்.

நம் பத்திரிகையில் ஆரோக்கியம் பற்றிச் சொல்லாமல் விடலாமா? சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே கறுப்புத் தூசி அப்பியிருக்கும். அந்தப் பையன் அதை ஏர் குழாயால் ஊதப் போக, அண்ணாச்சி ஒரு அதட்டல் போட்டார். பழைய பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது வழக்கம். அந்தத் தூள் நுரையீரலில் போய்த் தங்கினால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். புதுப் பட்டையில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது ஒர்க்‌ஷாப் வேலைக்குப் போனால், அவர்கள் உடுப்பை வீட்டுக்குள் உதறாமல் நனைத்துத் தனியாகத் துவையுங்கள். குழந்தையை மடியில் வாங்குமுன் குளித்துவிடச் சொல்லுங்கள்.

மகளுக்கு வலி கண்டது ஒரு அதிகாலை மூன்றரைக்கு. கள்ளிக்குடி தாண்டி, விளக்கில்லாத டிராக்டர் ஒன்று குறுக்கே வர, என்னவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி நேராக நின்றது, சத்தமில்லாமல். பின்சீட்டில் என் தோளில் சாய்ந்திருந்த மகள், "என்னம்மா, வந்துட்டோமா?" என்று மட்டும் கேட்டாள். அன்று மத்தியானம் பேத்தி பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ.