டோக்கியோ விமானமும் எங்க வீட்டு ஃப்ரீசரும்

2013 நவம்பர். சரோஜினி நகர் மார்க்கெட்டில் குழந்தை ஸ்வெட்டருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். டோக்கியோவிலிருந்து தங்கை போன். "அண்ணா, டெல்லிக்கு ட்ரீம்லைனர் விடமாட்டாங்களாம், வேற விமானமாம். இஞ்சினுக்குள்ள ஐஸ் கட்டுதாம்!"

கைக்குழந்தையோடு டிசம்பரில் வருகிறாள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம் சொன்னேன். (சொல்லியிருக்கக் கூடாது!) அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை.

நான் படித்ததோ பி.காம். இருந்தாலும் அம்மாவுக்குப் பதில் சொல்லணுமே என்று தேடிப் படித்தேன்.

பெரிய இடிமேகங்கள் ஈரத்தை 30,000, 40,000 அடிக்குத் தூக்கிக்கொண்டு போய் மாவு மாதிரி பனித்துகளாக்கி விடுகின்றன. காய்ந்த துகள். குளிர்ந்த இறக்கையில் ஒட்டாமல் தெறித்துவிடும். விமான ரேடாரிலும் மழை மாதிரி பளிச்சென்று தெரியாது. வில்லங்கம் இஞ்சினுக்குள்தான். அங்கே காற்றை அழுத்தும்போது சூடாகிறது.

"சூட்டுல ஐஸ் உருகத்தானேடா செய்யும்?" என்றாள் அம்மா. நியாயமான கேள்வி!

ஃப்ரீசர் தட்டைக் காய்ந்த கையால் எடுத்தால் ஒன்றுமில்லை. ஈரக்கையால் எடுத்தால் விரல் ஒட்டிக்கொள்ளும், இல்லையா? அதே கதை. முதலில் வரும் துகள்கள் உருகி உலோகத்தை ஈரமாக்கும். பின்னால் வருபவை அந்த ஈரத்தில் ஒட்டி, உலோகத்தையே குளிரவைத்து, ஐஸாகக் கட்டும். அது பெயர்ந்து உள்ளே போனால் பிளேடு சேதம், இஞ்சின் திணறல், சில சமயம் அணைந்தே போகும்.

அந்த வருஷம் ஜூலை 31 அன்று மாஸ்கோவிலிருந்து ஹாங்காங் போன 747-8 சரக்கு விமானத்தில் இரண்டு இஞ்சின்கள் திணறின. பத்திரமாக இறங்கிவிட்டார்கள், ஆனால் மூன்று இஞ்சின்களில் பிளேடு சேதம். ஏப்ரலிலிருந்து இப்படி ஆறு சம்பவங்கள். எல்லாம் ஜிஇ நிறுவனத்தின் ஜென்எக்ஸ் ரகம். இடிமேகத்துக்கு 50 கடல் மைல், அதாவது சுமார் 93 கிலோமீட்டர் தள்ளியே பறக்கணும் என்று போயிங் சொன்னது. ஜப்பான் ஏர்லைன்ஸ் டெல்லி, சிங்கப்பூர் தடங்களில் விமானத்தையே மாற்றிவிட்டது.

பிறகு ஜிஇ மென்பொருளை மாற்றியது. துகளை உணர்ந்ததும் இஞ்சின் ஒரு வால்வைத் திறந்து அதை வெளியே தள்ளிவிடும். எனக்குப் பிடித்தது இதுதான், தட்டைச் சூடாக்காமல் ஈரத்தையே உள்ளே விடாத யுக்தி.

தங்கை வந்து இறங்கினாள். அம்மா குழந்தையின் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏண்டி, ஜில்லுன்னு இருக்கே, ஸ்வெட்டர் போடலையா?"