மச்சான் பிடிக்கும் கயிறு

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறியபோது வியர்த்துக் கொட்டியது. 33 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறிக் கோத்தகிரியில் இறங்கியதும், பெட்டிக்குள் சால்வையைத் திணித்து அனுப்பிய மனைவியை மனத்துக்குள் வாழ்த்தினேன். சுமார் 6,000 அடி உயரம் என்றால் சும்மாவா!

நான் போனது தேயிலைத் தோட்டம் பார்க்க அல்ல. ஒரு விசித்திரமான வகுப்பைப் பார்க்க. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும், இந்த மலைப் பழங்குடிகளிடையே பணிபுரியும் கீஸ்டோன் நிறுவனமும் சேர்ந்து 2015-ல் தொடங்கிய திட்டம் அது. பட்டப் படிப்பு மாணவர்கள் கடல் கடந்து வருகிறார்கள், தமிழ் கற்கிறார்கள், இங்குள்ள பழங்குடி இளைஞர்களோடு கூடி, ஆசிரியர் துணையுடன் ஆராய்ச்சி செய்கிறார்கள். காட்டையும் மனிதர் வாழ்வையும் பிணைக்கும் முடிச்சுகளைத் தேடுவதே பாடம். மானிடவியல் என்றால் மண்டை ஓடுகளை அளப்பது என்று எண்ணியிருந்த எனக்கு வியப்பாகத்தான் இருந்தது.

ஒரு குறும்பர் கிராமத்தில் அத்தகைய மாணவி ஒருத்தியைச் சந்தித்தேன். பக்கத்தில் அவளுடைய உள்ளூர்த் தோழி. எதிரே தேன் எடுப்பதில் பழுத்த ஒரு பெரியவர்.

பூக்காலத்தில் மலைத்தேனீக்கள் வந்து செங்குத்துப் பாறைகளில் அடை கட்டும். மழை பிடித்தால் போய்விடும். மறுவருஷம் அதே பாறைக்குத் திரும்பும். காட்டுக் கொடியை முறுக்கி ஏணி செய்து, புகைப்பந்தத்துடன் அந்தரத்தில் இறங்கித் தேன் எடுக்க வேண்டும்.

மாணவி ஏணியின் நீளம், தேனின் எடை எல்லாவற்றையும் மளமளவென்று குறித்துக்கொண்டாள். ஆசிரியை மெல்லக் கேட்டார்: "மேலே நின்று கயிற்றைக் காப்பது யார் என்று எழுதினாயா?"

அவள் விழித்தாள்.

"மச்சான்தான் அம்மணி!" என்று பெரியவர் சிரித்தார். "பெண்டாட்டியோட அண்ணன் தம்பி. தங்கச்சி தாலி அறுக்க விடுவானா?"

உறவு முறையே அங்கே உயிர்க் காப்பு! தோழி இன்னொன்றும் கேட்டாள்: "தாத்தா, உங்க மகன் இறங்குவாரா?"

பெரியவரின் சிரிப்பு மறைந்தது. "இறங்குவான். ஆனா மச்சான் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டானே!"

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. 1986-ல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது நீலகிரி. காடு இருக்கிறது, தேனீ இருக்கிறது. ஆனால் கயிற்றைப் பிடிக்க ஆள் எங்கே?

மாணவி நோட்டுப் புத்தகத்தில் புதிய பக்கம் திருப்பினாள். 'எத்தனை கிலோ தேன்?' என்ற பழைய கேள்வியை விட்டுவிட்டு, தோழியிடம் எழுத்துக் கேட்டுக் கேட்டு, கோணல்மாணலான தமிழில் எழுதினாள்: 'மச்சான் எங்கே?'

திரும்பும்போது ஒரு புட்டி தேன் வாங்கினேன். வீட்டில் அதை ருசி பார்த்த என் மைத்துனரை அன்று கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு உபசரித்தேன்.